நிலவேம்புச் சிரிப்பு

முப்பது வருஷமாகக் கல்யாணச் சமையல் செய்துவந்த பக்கிரிசாமி, முதல் முறையாக ஓர் அண்டா சாம்பாரைக் கொட்டச் சொன்னது உறையூரில் நடந்த ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கினார். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது.

"கசக்குதுப்பா" என்றார். 

கூடச் சமைக்கும் ஐந்து பேரும் ருசி பார்த்தார்கள். ஐந்து பேருக்கும் நன்றாகவே இருந்தது. ஆனால் மாஸ்டரின் நாக்கை எதிர்த்துப் பேசும் வழக்கம் அந்தக் குழுவில் கிடையாது. திருச்சி வட்டாரத்தில் ஒரு சாம்பாரில் பெருங்காயம் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லக்கூடிய நாக்கு அது. கொட்டினார்கள். இரண்டாவது அண்டாவும் கசந்தது. மூன்றாவதற்குப் பருப்பு இல்லை. பெண்ணின் தாய்மாமன் ஸ்கூட்டரில் பறந்தார். அதுவரை அவர்தான் அடுப்படியிலேயே நின்று, "சீக்கிரம் மாஸ்டர், பந்தி உட்கார்ந்தாச்சு" என்று பக்கிரிசாமியின் தோளுக்கு மேல் இருமிக்கொண்டிருந்தார்.

அவர் வண்டியேறியதும், அடியில் ஒட்டியிருந்த மிச்சச் சாம்பார் அமிர்தமாக ருசித்தது. அவர் பருப்போடு திரும்பி வந்து பக்கத்தில் நின்றதும் மறுபடி கசந்தது. இது ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. விருந்தாளிகள் ரசத்தோடு எழுந்துபோனார்கள்.

பக்கிரிசாமி வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"என் நாக்கு போயிடுச்சு மங்கை."

மனைவி மங்கையர்க்கரசி மின்விசிறியைப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "நான் அன்னைக்கே சொன்னேன். அந்த ஊசி வேண்டாம்னு. கேட்டீங்களா?"

ஊசி போட்டு அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

பக்கிரிசாமியின் குழுவில் சவரிமுத்து என்று ஒருவர் இருந்தார். ஜாங்கிரி பிழிவதில் கெட்டிக்காரர். அவருக்குக் காசநோய் வந்தது. எந்த மருந்துக்கும் அசையாத ரகம். இரண்டு வருஷம் போராடிப் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் பால் பாயசம் கேட்டார் என்று பக்கிரிசாமி ஒரு தூக்கில் எடுத்துப்போனார். நான்கு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "ஏலக்காய் தூக்கலா இருக்குண்ணே" என்று சொன்னார். அது உண்மையும்கூட. அதன் பிறகு பக்கிரிசாமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆறு பேரும் ஒரே வேனில் போய், ஒரே மண்டபத்து ஸ்டோர் ரூமில் படுத்து எழுகிறவர்கள். அடுத்தது யார்?

ஊருக்கு வெளியே இருந்த நெஞ்சக நோய் ஆராய்ச்சி நிலையத்தில் புதுத் தடுப்பு ஊசிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மங்கையையும் அழைத்துக்கொண்டு போனார். அங்கே டாக்டர் ஹெப்சிபா என்ற அம்மாள், மேஜைமேல் இருந்த காகிதக் கட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பொறுமையாக விளக்கினாள்.

"நம்ம ரத்தத்துல காவலுக்கு வெள்ளணு இருக்கில்ல மாஸ்டர், அது கிருமியைப் பார்த்ததும் முழுங்கிடும். மத்த கிருமியெல்லாம் உள்ள போனதும் செத்துடும். டி.பி. கிருமி சாகாது. வெள்ளணுவுக்குள்ளயே பாய் விரிச்சுப் படுத்துக்கும். வருஷக்கணக்கா."

"கல்யாணத்துக்கு வந்துட்டு ஊருக்குப் போகாம உட்கார்ந்துக்கறவன் மாதிரி."

"அதேதான். ஆனா சில பேர் இருக்காங்க. நோயாளிகூட ஒரே ரூம்ல இருபது வருஷம் இருப்பாங்க. ஒண்ணும் ஆகாது. அவங்க உடம்பு எப்படித் தடுக்குதுன்னு பார்த்தோம். நாக்குல கசப்பைக் கண்டுபிடிக்கிற ஒரு அமைப்பு இருக்கு பாருங்க, அதே மாதிரி ஒண்ணு அவங்க வெள்ளணுவுலயும் இருக்கு. அவங்க வெள்ளணுவுக்கு டி.பி. கிருமி கசக்குது."

"கசந்தா துப்பிடுமா?"

"கொன்னுடும்."

பக்கிரிசாமிக்கு டாக்டரை ரொம்பப் பிடித்துப்போனது. வியாதியை ருசி விஷயமாக விளக்கிய முதல் டாக்டர் இவள்தான்.

"அந்தக் கசப்பை எனக்குள்ள எப்படிக் கொண்டுபோவீங்க டாக்டரம்மா?"

"ஒரு வைரஸ்ல ஏத்தி அனுப்புவோம். நம்ம மரபணுவுக்குள்ள நேரா போய்ச் சரக்கு இறக்கத் தெரிஞ்ச வைரஸ்."

"எந்த வைரஸ்?" என்று மங்கை கேட்டாள்.

ஹெப்சிபா பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். "எச்.ஐ.வி."

மங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அம்மா, உட்காருங்க. லாரி மட்டும்தான் அவனோடது. உள்ள இருந்த அவன் சரக்கு முழுக்க இறக்கியாச்சு. எஞ்சினைக் கழட்டியாச்சு. ஒரு தடவை போகும், இறக்கும், அங்கேயே நின்னுடும். திரும்ப வரவும் முடியாது, குட்டி போடவும் முடியாது."

"மீன் லாரியைக் கழுவிட்டுப் பூ ஏத்தினா வாடை போயிடுமா?"

"நாலு வருஷம் கழுவினோம்மா" என்றாள் ஹெப்சிபா, நிஜமான களைப்போடு.

அந்தக் களைப்பைப் பார்த்துத்தான் மங்கை மறுபடி உட்கார்ந்தாள். பக்கிரிசாமி கையெழுத்துப் போட்டார்.

உறையூர் சாம்பாருக்குப் பிறகு இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது வெறும் வாயே கசந்தது. கசப்பு தாங்காமல் நடைமேடையில் தள்ளிப் போய் நின்றார்; சரியாகிவிட்டது. இன்னொன்று, பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் இரவல் வாங்கிய குக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கதவைத் திறந்த பக்கிரிசாமியின் முகம் அவளைப் பார்த்ததும் கோணிக்கொண்டு போனது.

"என்னங்க, என்னைப் பார்த்தா வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரியா இருக்கு?" என்று தனபாக்கியம் கத்தினாள். குக்கரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். அதன் மூடி வரவில்லை. கோபத்தில் அதை அவளே வைத்துக்கொண்டாள்.

அந்த வார ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது பக்கிரிசாமி எல்லாவற்றையும் ஹெப்சிபாவிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தவள், சட்டென்று நிமிர்ந்து, "அந்தத் தாய்மாமன் இருமினாரா?" என்று கேட்டாள்.

"ரசத்துல விழற அளவுக்கு."

"உங்க பக்கத்து வீட்டம்மா?"

"ராத்திரியெல்லாம் லொக்கு லொக்குதான். சுவரு தாண்டிக் கேட்கும்."

இரண்டு பேரையும் ஏதோ சுகாதார முகாம் என்று சொல்லி வரவழைத்துச் சளியைப் பரிசோதித்தார்கள். இரண்டு பேருக்கும் காசநோய். இரண்டு பேருக்கும் அது அதுவரை தெரியாது.

அடுத்த நாள் ஹெப்சிபா ஒரு நீண்ட அறையில் பத்து நாற்காலி போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் துணித் திரை கட்டினாள். திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பக்கிரிசாமிக்குத் தெரியாது. கையில் ஒரு சொம்பு எலுமிச்சைத் தண்ணீர். ஒவ்வொரு திரையாக நின்று, மூச்சை இழுத்து, நாக்கைச் சப்புக்கொட்டி, வாய் கொப்பளித்து, அடுத்ததற்குப் போனார். பந்தியில் இலை இலையாகப் போகும் அதே நடை.

"முதல் ஆளு ஒண்ணும் இல்லை. ரெண்டாவது லேசா வெந்தயம். மூணு, நாலு, அஞ்சு ஒண்ணும் இல்லை. ஆறாவது நல்ல பாகற்காய், அதுவும் விதையோட. ஏழு..." அங்கே நின்றவர் கண்ணீர் வரும்படி முகத்தைச் சுளித்தார். "நிலவேம்புக் கஷாயம். வடிகட்டாதது."

ஹெப்சிபா தன் தாளைப் பார்த்தாள். அவள் உட்காரவைத்த நோயாளிகள் ஆறும் ஏழும். மருந்துக்கு அடங்காத ரகம் ஏழு. இரண்டாவது நாற்காலியில் இருந்தது ஆரோக்கியமான ஆள் என்று அவள் உட்காரவைத்த நிலையத்து அலுவலக உதவியாளர். அன்று மாலையே அவருக்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள்.

"ரத்தத்துல ஊசி நல்லா வேலை செய்யுது" என்றாள் ஹெப்சிபா. "ஆனா லாரி கொஞ்சம் வழி தவறி நாக்குலயும் சரக்கை இறக்கியிருக்கு. இதுவரைக்கும் ஊசி போட்ட நாற்பது பேர்ல உங்களுக்கு மட்டும்தான்."

"எடுத்துடலாமா?"

"முடியாது."

"அப்ப என் சமையல்?"

ஹெப்சிபா தாளை மடித்து வைத்தாள். "மாஸ்டர், ஒண்ணு கேட்டுக்கறேன். இந்த வியாதி வந்தவங்களை ஊரு எப்படி நடத்தும்னு உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு ஆள் பக்கத்துல நின்னு முகத்தைச் சுளிச்சா அவர் ரகசியத்தை மைக் போட்டுச் சொன்ன மாதிரி. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

பக்கிரிசாமி யாரிடமும் சொல்லவில்லை. தனபாக்கியம் சொன்னாள். அவர் முகம் கோணியதையும் அந்த முகாமையும் தானே முடிச்சுப்போட்டுக்கொண்டு, தனக்கு வந்த வியாதியை மறைத்துவிட்டு, மாஸ்டருடைய நாக்கின் மகிமையை மட்டும் தெருக் குழாயடியில் சொன்னாள். "மனுசன் முகத்தைச் சுளிச்சார்னா ஆஸ்பத்திரி மெஷின் தோத்துச்சு!"

ஒரு வாரத்தில் பக்கிரிசாமியின் வாழ்க்கை கெட்டது. அவர் பஸ் ஏறினால் முன் பக்கத்து ஆட்கள் பின் பக்கம் இறங்கினார்கள். மளிகைக் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சைகையிலேயே துவரம்பருப்பு நிறுத்தார். அதே சமயம் வேறு சிலர் அவரைத் தேடி வந்தார்கள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், புதிதாகக் குடிவருகிறவர்களை அவர் ஒரு தடவை 'முகம் பார்த்து'ச் சொன்னால் போதும் என்றது. ஒருவர் தன் மேலதிகாரியை ஏமாற்றி டீ குடிக்கக் கூட்டிவந்து எதிரில் உட்காரவைத்து, "நல்லாப் பாருங்க மாஸ்டர், ஏதாவது இருக்கணும்" என்று காதில் கெஞ்சினார். பெண் பார்க்கப் போகிற இடத்துக்குக் கூட வரச்சொல்லி மூன்று குடும்பம் கேட்டது.

"நான் சமையல்காரன்" என்று அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினார்.

ஆனால் சமைக்கத்தான் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஒன்றிரண்டு வீட்டிலும் விருந்தாளிகள் இலையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துச் சாப்பிட்டார்கள். ஒருநாள் பந்தியில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மலுக்கு முன்னால் முகம் ஒரு மாதிரி ஆகுமே, அதைப் பார்த்து நாற்பது பேர் அப்படியே எழுந்து ஓடினார்கள். அதில் ஒரு மாமா அப்பளத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினார்.

அன்றைக்கு மங்கை முடிவெடுத்தாள். "நாக்கை மாத்த முடியாது. முகத்தை மாத்தலாம்."

மறுநாளிலிருந்து பயிற்சி. காலையில் கண்ணாடி முன்னால் பக்கிரிசாமியை உட்காரவைத்து, பச்சைப் பாகற்காய் வட்டம் ஒன்றை வாயில் போடுவாள். "சிரிங்க." அவர் சிரிப்பார். "இது சிரிப்பா? பாம்பு கடிச்ச மாதிரி இருக்கு. இன்னொண்ணு போடுங்க." இரண்டாவது வாரம் வேப்பங்கொழுந்து. மூன்றாவது வாரம் நிலவேம்பு. ஒரு மாத முடிவில், எவ்வளவு கசந்தாலும் முப்பத்திரண்டு பல்லும் தெரிய, கன்னம் இரண்டும் மேலேற, ஒரு பெரிய புன்னகை அவர் முகத்தில் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. கண் மட்டும் சிரிக்காது. அதைப் பற்றி மங்கை, "யாரு கண்ணைப் பார்க்கப்போறா?" என்று விட்டுவிட்டாள்.

வம்பே வேண்டாம் என்று பக்கிரிசாமி அதன் பிறகு கசந்தாலும் கசக்காவிட்டாலும் எதிரில் வருகிற எல்லாரையும் பார்த்து அப்படியே சிரிக்க ஆரம்பித்தார். கசந்தவர்களைப் பற்றி மட்டும் ஹெப்சிபாவிடம் ரகசியமாகச் சொல்லிவந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பொன்மலை ஞானசம்பந்தம் தன் மகள் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எனக்கு உங்க கைச் சமையல்தான் வேணும் மாஸ்டர். முகத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றார். பக்கிரிசாமி அவருக்குச் சிரித்துக் காட்டினார். ஞானசம்பந்தம் ஓரடி பின்வாங்கி, "அருமை" என்றார்.

வரவேற்பு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரைக்கு. மேடையில் மணமக்கள். மேடைக்குப் பக்கவாட்டில் மெல்லிசைக் குழு. சுலோச்சனா என்ற பாடகி, நீலப் பட்டுப் புடவையில், மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாள். வீடியோக்காரரின் யோசனைப்படி, சமையல் மாஸ்டரே வெள்ளித் தட்டில் பாதாம் அல்வாவை மேடைக்குக் கொண்டுபோய் மணமக்களுக்கு ஊட்டக் கொடுக்க வேண்டும். அதைப் பத்தடி உயர எல்.இ.டி. திரையில் மண்டபம் முழுக்கப் பார்க்கும்.

பக்கிரிசாமி தட்டோடு மேடையேறினார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்ததும் நிலவேம்பு அடித்தது. வடிகட்டாத நிலவேம்பு, வாய் நிறைய.

அவர் சிரித்தார்.

பத்தடித் திரையில் அந்தச் சிரிப்பு வந்தது. அறுநூறு பேர் அதைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பேச்சு மொத்தமும் நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். "ஏன் இந்தாளு இப்படிச் சிரிக்கறாரு?"

"சும்மா மரியாதைக்குங்க" என்றார் ஞானசம்பந்தம், வியர்த்தபடி.

"மரியாதைக்குச் சிரிக்கற சிரிப்பா இது? யோவ் மாஸ்டர், உண்மையான முகத்தைக் காட்டுய்யா! எங்க பையனுக்கு ஏதாவதா, உங்க பொண்ணுக்கு ஏதாவதா? இப்பவே தெரிஞ்சாகணும்."

"எங்க பொண்ணுக்கு என்ன?" என்று பெண்ணின் அத்தை எழுந்தாள். "வந்ததுலேர்ந்து உங்க பையன்தான் தொண்டையைச் செருமிக்கிட்டே இருக்கான்!"

"அது கூச்சம்!"

மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை மணப்பெண்ணைப் பார்த்தான். இருவரும் நாசூக்காக அரையடி நகர்ந்து உட்கார்ந்தார்கள். நூறு செல்போன்கள் பக்கிரிசாமியின் முகத்தை நோக்கி உயர்ந்தன.

பக்கிரிசாமி சிரித்த முகத்தோடேயே கவனித்தார். கசப்பு விட்டுவிட்டு வந்தது. பல்லவி வரும்போது வந்தது. இடையில் கீபோர்டு மட்டும் வாசிக்கும்போது குறைந்தது. சுலோச்சனாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மேஜை விசிறி, மேடையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கீபோர்டுக்காரருக்கு விரலால் ஏதோ சைகை காட்டினாள். அவர் இடையிசையை இழுத்தார். அவள் திரும்பிக் கைக்குட்டைக்குள் இருமிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரியான இடத்தில் சரணத்தைப் பிடித்தாள். ஒரு சுருதிகூட விலகவில்லை. எத்தனை மாசமாக இப்படிச் சமாளிக்கிறாளோ.

உண்மையைச் சொன்னால் கல்யாணம் பிழைக்கும். இவள் இனி எந்த மேடையிலும் ஏற முடியாது. சொல்லாவிட்டால் இன்றைக்கே இந்தக் கல்யாணம் முறியும். பக்கிரிசாமிக்கு மூன்றாவதாக ஒரு வழி தெரிந்தது. அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

தட்டிலிருந்து அல்வாவைக் கிள்ளி வாயில் போட்டார். அவர் வாழ்நாளில் கிண்டியதிலேயே சிறந்த அல்வா அது. நெய் பிரிந்து, குங்குமப்பூ மணந்து, தொண்டையில் தானாக இறங்கியது. சவரிமுத்துகூடக் குறை சொல்லியிருக்க மாட்டார்.

"த்தூ!" என்று கைக்குட்டையில் துப்பினார். மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரும் தங்கமா இருக்காங்க. அல்வாதான் கசக்குது. கசப்புப் பாதாம் கலந்துபோச்சு. பார்த்து வாங்காதது என் தப்பு. அதை மறைக்கத்தான் சிரிச்சேன். யாரும் சாப்பிடாதீங்க."

மண்டபம் பெருமூச்சு விட்டது. அடுத்த நொடி திட்ட ஆரம்பித்தது. மணமக்கள் மறுபடி நெருங்கி உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எனக்கு நல்லாத்தானே இருக்கு, ரெண்டு தடவை வாங்கிட்டேன்" என்றார்.

பக்கிரிசாமி மேடையிலிருந்து இறங்கிப் போய் அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கினார். "உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு சார்."

முப்பது கிலோ அல்வாவையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்து, குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். கூடச் சமைப்பவர்கள் அழுதுகொண்டே புதைத்தார்கள். அதில் இரண்டு கிலோ கணக்கில் குறைந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

இடைவேளையில் மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சுலோச்சனா வெந்நீர் குடித்துக்கொண்டு நின்றாள். பக்கிரிசாமி நாலடி தள்ளி நின்றார்.

"அல்வா கசக்கலைதானே அண்ணே?" என்று அவளே கேட்டாள். "எனக்கு ஒரு விள்ளல் கொடுத்தனுப்பியிருந்தீங்க. நான் அதை முன்னாடியே சாப்பிட்டுட்டேன்."

"எத்தனை நாளா இருமல்?"

"மூணு மாசம். சாயங்காலமானா காய்ச்சல்." அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "போய்க் காட்டினா வியாதின்னு சொல்லிடுவாங்க. சொல்லிட்டா அந்த மைக்கை என்கூட யாரும் தொட மாட்டாங்க. எனக்கு வேற வேலை தெரியாதுண்ணே."

"எனக்கும்தான் தெரியாது. நான் முப்பது கிலோ அல்வாவைப் புதைச்சுட்டு வந்து நிக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "என்ன கசப்புண்ணே? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"நிலவேம்பு" என்றார். "ஆனா குடிக்கக்கூடிய நிலவேம்புதான். என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான், அவன் ரொம்பத் தள்ளிப் போட்டுட்டான்மா. நீ போடாதே."

டாக்டர் ஹெப்சிபாவின் எண்ணை எழுதிக் கொடுத்தார். அதோடு நிற்காமல் மண்டபத்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டு, அந்த விசிறியின் ஒயரையும் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இடைவேளைக்குப் பிறகு சுலோச்சனா பாடவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று அறிவித்தார்கள்.

மறுநாள் ஹெப்சிபா போனில் அவரைத் திட்டினாள், அவரே முடிவெடுத்ததற்காக. பிறகு அவளே ஒரு வாரம் கழித்து, 'குரல் வளப் பரிசோதனை' என்று பெயர் வைத்து மெல்லிசைக் குழுவின் எட்டுப் பேரையும் வரவழைத்து எக்ஸ்ரே எடுத்தாள். தபலாக்காரருக்குக் குரல் வளம் எதற்கு என்று அவர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நாளாகத் தன்னை யாரும் பாடச் சொல்லவில்லை என்ற ஏக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. சுலோச்சனாவைத் தவிர யாருக்கும் எதுவும் இல்லை. அவள் மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டு எட்டாவது மாசம் மேடையேறினாள். அக்கா வீட்டுக்கு மலேசியா போயிருந்ததாக எல்லாரும் நம்பினார்கள். குழுவினர் சாக்லேட் கேட்டு நச்சரித்தார்கள்.

பக்கிரிசாமிக்குத்தான் பேர் கெட்டது. சமையலுக்குக் கூப்பிட்டார்கள், முன்னைவிட நிறையவே. அவர் முகத்தின் மேல் இருந்த பயம் போய்விட்டது போலத்தான் தெரிந்தது. ஆனால் எல்லாரும், "சாப்பாடு நீங்க பண்ணுங்க மாஸ்டர், இனிப்பு மட்டும் வெளியில சொல்லிக்கறோம்" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவர், "சரிங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மங்கைக்கு மட்டும் கால் கிலோ அல்வா கிண்டிக் கொடுத்தார். மங்கை அந்த வருஷம் ஏழு கிலோ எடை கூடினாள்.

ஊசி போட்டு ஒன்றரை வருஷம் ஆனபோது ஹெப்சிபா மறுபடி பத்து நாற்காலியும் பத்துத் திரையும் போட்டாள். பக்கிரிசாமி எலுமிச்சைத் தண்ணீரோடு நடந்தார். முதல் திரை, ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. பத்தாவது வரை ஒன்றுமில்லை. திரும்பவும் முதலிலிருந்து நடந்தார்.

"யாருக்கும் இல்லையா டாக்டரம்மா?"

"நாலு பேருக்கு இருக்கு."

பக்கிரிசாமி சொம்பைக் கீழே வைத்தார்.

"பயப்படாதீங்க. உங்க ரத்தத்துல ஊசி அப்படியேதான் இருக்கு. கிருமி வந்தா இன்னும் கொல்லும். நாக்குல இறங்கின சரக்குதான் தேஞ்சுபோச்சு. நாக்குத் தோல் புதுசு புதுசா வளரும் இல்லையா. நீங்க இனிமே சாதாரண ஆளு."

பக்கிரிசாமிக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே எதையோ தொலைத்துவிட்ட மாதிரியும் இருந்தது. "அப்ப இனிமே யாரையும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். "எத்தனை பேரைக் கண்டுபிடிச்சிருப்பேன்?"

"நீங்க ரகசியமா எனக்குச் சொன்னது பதினொரு பேர்." ஹெப்சிபா கணினியைத் திருப்பினாள். "ஆனா மாஸ்டர், எனக்கு ஒரு விஷயம் புரியாம இருந்துச்சு. நீங்க இருக்கிற பகுதியிலேர்ந்து முன்னாடி மாசத்துக்குப் பத்துப் பேர்கூடத் தானா வந்து சளி பரிசோதனை பண்ணிக்க மாட்டாங்க. போன வருஷம் மாசத்துக்கு முந்நூறு பேர். நீங்க சொன்னவங்களையும் சேர்த்து எண்பத்தாறு பேருக்கு வியாதி ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஏன் இப்படி வர்றாங்கன்னு படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பரிசோதனைக்கு வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல எழுதியிருக்காங்க."

"என்னன்னு?"

"'மாஸ்டர் சிரித்தார்.'"

பக்கிரிசாமி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாருமா?"

"இல்லை. சில பேர் 'மாஸ்டர் பல் தெரிய வணக்கம் வைத்தார்'னு எழுதியிருக்காங்க."

"நான் மரியாதைக்கு இல்ல சிரிச்சேன்! எல்லாரையும் பார்த்துத்தான் சிரிச்சேன்!"

"அதனாலதான் எல்லாரும் வந்திருக்காங்க. பொன்மலைக் கல்யாணத்துல சிரிச்சது அல்வாவுக்குன்னு மண்டபத்துல நம்பினாங்க. வீட்டுக்குப் போனதும் யாரும் நம்பலை. ஒருத்தருக்கும் தெரியாம ஒவ்வொருத்தரா வந்திருக்காங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா ரெண்டு தடவை." ஹெப்சிபா கணினியை மூடினாள். "பதினொரு பேரைக் கண்டுபிடிச்சது நாலு வருஷம் கழுவின என் லாரி. மீதி எழுபத்தஞ்சு பேரைக் கண்டுபிடிச்சது உங்க வீட்டம்மா போட்ட பாகற்காய். இதை நான் எந்தப் பத்திரிகைக்கு எழுதறதுன்னு தெரியலை."

பக்கிரிசாமி கீழே வைத்த சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இனிமே எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமலே சிரிச்சா அது பொய்யில்லையா டாக்டரம்மா?"

"நீங்க யாரையாவது போய்ப் பரிசோதனை பண்ணிக்கச் சொன்னீங்களா?"

"அந்தப் பாட்டுக்காரப் பொண்ணைத் தவிர ஒருத்தரையும் சொன்னதில்லை."

"ஒரு மனுசன் ரோட்டுல சிரிக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லை மாஸ்டர்."

வெளியே வந்தபோது பத்து மணி வெயில் அடித்தது. பஸ் நிறுத்தத்தில் டிபன் கேரியரோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம். ஓரமாகத் திரும்பி இருமினார். பக்கிரிசாமி வாயைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். டாக்டர் கொடுத்த எலுமிச்சைத் தண்ணீர்தான் ருசித்தது. இந்த மனுசருக்கு வெறும் ஜலதோஷமாக இருக்கலாம். பீடியாக இருக்கலாம். சவரிமுத்துவும் முதல் மூன்று மாசம் பீடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கிரிசாமி அவரைப் பார்த்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

அந்த ஆளின் முகம் வெளுத்தது. டிபன் கேரியரை மடியில் இறுக்கிக்கொண்டார். அவர் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, அவர் இல்லாமலே போனது.

"அந்த ஆஸ்பத்திரி இதுதானுங்களா?" என்று கேட்டார், பின்னால் இருந்த கட்டடத்தைக் காட்டி.

"இதுதான்."

"வெறும் வயித்துலயா போகணும்?"

"சாப்பிட்டே போகலாம்" என்று பக்கிரிசாமி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன கொண்டுவந்திருக்கீங்க, திறங்க பார்ப்போம்."